தணிவு அறையில் தொண்ணூறு நாள்

எங்கள் ஆஸ்பத்திரி இயக்குநர் மூன்று நாள் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது நல்லபடியாகத்தான் போனார். வரும்போது ஒரு கருத்தோடு வந்தார். அதற்கு முன்னால் அவருக்குக் கருத்து என்று எதுவும் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியும் அது பாட்டுக்கு நன்றாக நடந்துகொண்டிருந்தது.

நான் அவருடைய அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இருபத்தாறு வருஷமாக, யார் என்ன சொன்னாலும் முகத்தில் எதையும் காட்டாமல் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. இதில் கஷ்டமானது டைப் அடிப்பது அல்ல.

இயக்குநர் கொண்டுவந்த கருத்து இதுதான். உடம்பில் கொழுப்பு கூடினால் உள்ளே மெல்லிய அழற்சி ஒன்று கனன்றுகொண்டே இருக்கும். வலிக்காது, காய்ச்சல் வராது, ஆளுக்கே தெரியாது. ஆனால் வருஷக்கணக்கில் அப்படியே இருந்தால் இதயம், ரத்தக்குழாய் என்று ஒவ்வொன்றாகப் பதம் பார்த்துவிடும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மாநாட்டில் பேசியவர் விஷயம் தெரிந்த டாக்டர். என்ன, அவர் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரமும் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு மணி நேரமும் பேசியிருக்கிறார். இயக்குநரின் குறிப்பேடு டைப் செய்ய என்னிடம் வந்தது. சாப்பாட்டுக்கு முன் பதினோரு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. சாப்பாட்டுக்குப் பின் 'உடலுழைப்பின் பங்கு' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே பேனா மெதுவாகச் சரிந்து, பக்கத்தின் ஓரம்வரை போய் இறங்கியிருந்தது. நல்ல தூக்கம் போலிருக்கிறது. அந்தப் பதினோரு பக்கத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊழியர்கள் அத்தனை பேரையும் காப்பாற்றிவிடுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார்.

மறுநாளே 'உள்ளழற்சி ஒழிப்புக் குழு' அமைந்தது. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே எடை குறைந்த ஆறு பேரைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். இயக்குநரும் ஒல்லிதான்; அவர் தலைவர். செயலாளர், நலவாழ்வு அதிகாரி. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்கிற உடம்பு. முதல் மாடிக்கும் லிஃப்டில்தான் போவார். லிஃப்ட் வரத் தாமதமானால் உட்கார நாற்காலி கேட்பார். குழுவில் யாரும் படியேறி நான் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் எடை போட்டார்கள். பீரோ ஏறியபோதுதான் சிக்கல் வந்தது.

பீரோ என்பது ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். இயற்பெயரைச் சம்பளப் பட்டியலில் பார்த்தால் அவருக்கே யாரோ என்று தோன்றும். வாசலில் நின்றால் வாசல் தெரியாது, அதனால் பீரோ. இருபது வருஷமாகத் தள்ளுகிறார். அவசரப் பிரிவிலிருந்து இரண்டாம் மாடி ஆபரேஷன் தியேட்டர்வரை சாய்வுப் பாதை. அதில் ஆளோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு தடவைகூட மூச்சு வாங்கியது கிடையாது. மூச்சு வாங்கினால் பேச முடியாதே. நோயாளிகளோடு பேசுவதுதான் அவருக்கு முக்கியம். ஆபரேஷனுக்குப் போகிறவர்களிடம், "திரும்பி வந்ததும் மொதல்ல என்ன சாப்பிடணும்?" என்று கேட்பார். அவர்கள் யோசித்து யோசித்துப் பட்டியல் போட்டு முடிப்பதற்குள் தியேட்டர் வந்துவிடும். பயப்பட நேரமே இருக்காது. லேப்பில் வேலை செய்யும் பெண் ஒருநாள் விளையாட்டாக அவர் காலில் அடி எண்ணும் கருவியைக் கட்டிவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் பதினாறு கிலோமீட்டர்.

வார்டில் இருந்த எடைக் கருவி நூறோடு நின்றுவிட்டது. சமையலறையில் மூட்டை போடும் தராசுக்கு அவரை அழைத்துப் போனார்கள். நூற்றுப் பதினாலு. அவர் உயரத்துக்கு அட்டவணைப்படி எண்பது. நலவாழ்வு அதிகாரி இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு, "கனல் பட்டியல்" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

மொத்தம் பதினாலு பேர் பட்டியலில் வந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று குழு கூடியது. இயக்குநர் பேசினார். நான் சுருக்கெழுத்தில் எடுத்ததை அப்படியே தருகிறேன்.

"கணுக்கால் சுளுக்கி வீங்கினா நாம என்ன சொல்றோம்? கால அசைக்காதேன்னு சொல்றோம். முழங்கை வீங்கினா? கைய அசைக்காதேன்னு சொல்றோம். அப்போ உள்ள உடம்பு பூரா அழற்சின்னா? ஆளையே அசைக்கக் கூடாது! இது ஏன் இத்தன நாளா யாருக்கும் தோணல?"

ஏன் தோன்றவில்லை என்பது எனக்குத் தெரியும். குழுவினர் கை தட்டினார்கள். கை தட்டியதில் இருவருக்குக் களைப்பு வந்து தண்ணீர் கேட்டார்கள்.

தீர்மானம் இப்படி ஆனது. கனல் பட்டியலில் இருப்பவர்கள் தொண்ணூறு நாள் 'தணிவு அறை'யில் காலை எட்டு முதல் மாலை நாலுவரை அசையாமல் உட்கார வேண்டும். தொண்ணூறாம் நாள் எடை அட்டவணைக்குள் வந்தால் பழைய வேலை. வராவிட்டால் 'நிரந்தரக் கனல்' என்று முத்திரை குத்தி, கட்டாய ஓய்வில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பீரோ அந்தச் சுற்றறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, எனக்கு என்ன வியாதி?"

"அழற்சியாம்."

"எங்க?"

"உள்ள."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே அக்கா."

"தெரியாம இருக்கறதுதான் அறிகுறியாம்."

அவர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கையை முகர்ந்தும் பார்த்தார். "சரி, அது கிடக்கட்டும். நாளைக்கு அஞ்சாம் வார்டு டீச்சருக்கு ஆபரேஷன். நான்தான் கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு குடுத்திருக்கேன். ரொம்பப் பயந்த சுபாவம். என் வண்டிய யாருகிட்ட குடுக்கப் போறாங்க?" என்று கேட்டார். அவருடைய கவலையெல்லாம் அந்த வண்டிதான். அன்றைக்கும் சரி, அடுத்த தொண்ணூறு நாளும் சரி, அது மாறவே இல்லை.

வண்டியை பில் கவுன்ட்டர் குமாஸ்தாவிடம் கொடுத்தார்கள். நாற்பத்தாறு கிலோ. அட்டவணையில் அவருக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தது. முதல் நாள், கை முறிந்த ஒருவரை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். சாய்வுப் பாதையில் பாதி தூரம் போனதும் வண்டி நின்றது, பிறகு பின்னால் வர ஆரம்பித்தது. நோயாளி இறங்கி, குமாஸ்தாவைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்து, முறியாத கையால் தியேட்டர்வரை தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அங்கே குமாஸ்தாவுக்கு மயக்க மருந்து கொடுக்கிறவரை போய்விட்டது. நல்லவேளையாக, இரண்டு கையும் நன்றாக இருக்கிறதே என்று ஒரு நர்ஸ் கவனித்தாள். இந்தச் சம்பவம் குழுவின் அறிக்கையில், 'புதிய ஏற்பாட்டுக்கு நோயாளிகள் முழு ஒத்துழைப்பு தருகிறார்கள்' என்று பதிவானது. அடித்தது நான்தான்.

தணிவு அறை என்பது முன்பு மாவுக்கட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறை. பதினாலு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரில் 'அசையாதே, அணையும்' என்று ஒரு பலகை. வாசலில் ஒரு கண்காணிப்பாளர். எழுந்திருக்க வேண்டுமென்றால் 'அசைவு அனுமதிச் சீட்டு' வேண்டும். மூன்று பிரதி, இயக்குநரே கையெழுத்துப் போட வேண்டும். முழங்கைக்குக் கீழே அசைப்பதற்குச் சீட்டு தேவையில்லை என்று ஒரு விலக்கு உண்டு. அதனால் மூக்கைச் சொறியலாம், முதுகைச் சொறிய முடியாது. கழிப்பறைக்குப் போக சக்கர நாற்காலி. அதைத் தள்ளுவதும் அதே பில் கவுன்ட்டர் குமாஸ்தாதான். பீரோவை ஏற்றித் தள்ளிப் பார்த்துவிட்டு, இரண்டாம் நாளிலிருந்து அவர் கும்பிடு போட்டுக் கெஞ்சினார். "அண்ணே, கொஞ்சம் தண்ணிய குறைச்சுக் குடிங்க."

இருபதாம் நாள் லேப் பெண் வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தாள். அவளை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அழற்சி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தால் தெரியுமே, ஏன் யாரும் பார்க்கவில்லை என்று அவளுக்குச் சந்தேகம். மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு குழுவின் முன்னால் வந்து நின்றாள். பீரோவையும் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள்.

"சார், இந்த அளவு ஒண்ணுக்குக் கீழ இருந்தா நல்லது. மூணத் தாண்டினா கவனிக்கணும். இவருக்கு பூஜ்யம் புள்ளி எட்டு."

நலவாழ்வு அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இந்த முடிவு எடையோட ஒத்துப்போகல. அதனால ரத்தம் தப்பு" என்றார்.

"எடை கூடினா அழற்சி கூடுங்கறது நெசம்தான் சார். ஆனா உடம்பு தினம் ஓடியாடி உழைச்சா அது இறங்கவும் செய்யும். ரெண்டையும் சேத்துப் பாக்கணும். இவரு கொஞ்சம் எடை குறைச்சா இன்னும் நல்லதுதான், நான் இல்லேங்கல. அதுக்காக நடக்கறத நிறுத்தச் சொன்னா எப்படி?"

இயக்குநர் கையை உயர்த்தினார். அவர் கையை உயர்த்தினால் ஒரு சொற்பொழிவு இருக்கிறது என்று அர்த்தம். "பொண்ணே, நீ சின்னப் பொண்ணு. ரத்தம்ங்கிறது ஓடிக்கிட்டே இருக்கற ஒண்ணு. இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். எடை அப்படி இல்ல, நின்ன இடத்துல நிக்கும். ஒரு நிர்வாகம் ஓடறத நம்புமா, நிக்கறத நம்புமா?"

"அப்ப உங்க எல்லாரோட ரத்தத்தையும் பாத்துடலாமா சார்?"

ஒல்லியாக இருப்பவர்களுக்கு எப்போதும் ஒரு தைரியம் உண்டு. ஏழு பேரும் சட்டையை மடித்துக் கையை நீட்டினார்கள். மறுநாள் முடிவு வந்தது. ஏழு பேரில் மூன்றுக்குக் கீழே யாருமே இல்லை. இயக்குநருக்கு நாலே முக்கால். நலவாழ்வு அதிகாரிக்கு ஐந்தரை.

அடுத்த கூட்டத்தில் அவமானத்தில் பேச்சு வராமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்து, சுருக்கெழுத்து நோட்டில் இரண்டு பக்கம் மட்டும் வைத்துக்கொண்டு போனேன். என் அனுபவமின்மை அது. முப்பது பக்கம் பேசினார்கள். நலவாழ்வு அதிகாரிதான் கண்டுபிடித்தார். "பீரோ இந்த ரூமுல மொத்தம் பத்து நிமிஷம் இருந்தாரு. அடுத்த நாளே நம்ம ஏழு பேருக்கும் ஏறியிருக்கு. அவரோட அழற்சி நமக்கு வந்துடுச்சு. அதனாலதான் அவரு ரத்தத்துல கம்மியா காட்டுது!" இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். அன்றைக்கே தணிவு அறையின் ஜன்னல்கள் மூடப்பட்டன. லேப் பெண்ணைப் பிணவறைப் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் எழுந்து நடக்க வாய்ப்பில்லை என்பதால் அவளால் தொந்தரவு வராது என்று நினைத்திருக்கலாம்.

அறுபதாம் நாள் பீரோவின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். அவர் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்து வந்துவிட்டார்.

"அக்கா, இவரு யூனிஃபார்ம் பேன்ட்ட ரெண்டு தடவ பிரிச்சு விட்டுட்டேன். இனிமே பிரிக்க உள்ள துணி இல்ல. எடை குறைக்கத்தான உக்கார வெச்சிருக்காங்க?"

"ஆமா."

"உக்கார்ந்தா எப்படிக்கா குறையும்?"

இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் கேட்கப்பட்ட நேரான கேள்வி அதுதான். அவர் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "வீட்டுக்கு வந்தா பேசறதே இல்ல. நாற்காலியக் கண்டாலே முகத்தத் திருப்பிக்கறாரு. நின்னுக்கிட்டே சாப்பிடறாரு. நேத்து கடைக்குப் போயிட்டு மாடி ஏறும்போது பாதியில நின்னு செவுத்தப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. அந்த வண்டி போச்சுன்னா இவரு போயிடுவாருக்கா." எனக்கும் அழுகை வந்தது. அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பிறகு, தணிவு அறை மின்விசிறிக்குச் சிக்கனமாக அசையுமாறு உத்தரவிடும் ஒரு கடிதத்தை டைப் அடித்தேன்.

எண்பத்தைந்தாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தார்கள், இந்த முறை குழுவின் நேரடி மேற்பார்வையில். பீரோவுக்கு நாலு புள்ளி ஆறு. எடை நூற்று இருபத்திரண்டு.

குழுவில் உற்சாகம் கரைபுரண்டது. நலவாழ்வு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எண்பத்தஞ்சு நாள் பாடுபட்டோம். கடைசில ரத்தமும் எடையும் ஒத்துப்போயிடுச்சு. ரத்தம் உண்மைய ஒத்துக்கிச்சு சார்!" இந்த வெற்றியைக் கொண்டாடவும், பீரோவை முதல் நிரந்தரக் கனலாக அறிவிக்கவும் தொண்ணூறாம் நாள் ஒரு விழா வைத்தார்கள். பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கூடத்தில், காலை பத்து மணிக்கு.

அன்றைக்குப் பார்த்து அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுவிட்டது. அறுபத்தாறு படி. குழுவினர் எட்டரைக்கே ஏறத் தொடங்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி போட்டிருந்தது. பதினொன்றே காலுக்குக் கடைசி ஆளாக இயக்குநர் வந்து சேர்ந்தார். முகம் என் மேசை மேல் இருக்கும் காகிதம் மாதிரி இருந்தது. தணிவு அறைக்காரர்கள் பதினாலு பேரும் சீட்டு வாங்கி முன்பே ஏறி வந்து, பின்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பீரோ மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய ஓய்வு உத்தரவு, கையெழுத்து மட்டும் போட வேண்டிய நிலையில், என் மடியில் இருந்தது.

இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "உடல் தகுதி என்பது... ஒரு தோற்றம். பார்த்த உடனே தெரிய வேண்டும். என்னைப் பாருங்கள்..." என்றார். எல்லோரும் பார்த்தோம். அவர் மைக்கோடு சாய்ந்து கீழே விழுந்தார்.

அவசரப் பிரிவு தரைத்தளத்தில். ஸ்ட்ரெச்சரும் அங்கேதான். பில் கவுன்ட்டர் குமாஸ்தா முதல் மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார் என்று தகவல் வந்தது. குழுவின் ஆறு பேரும் சேர்ந்து இயக்குநரைத் தூக்கினார்கள். முழங்கால் உயரம்வரை தூக்கினார்கள். பிறகு அவரைக் கீழே வைத்துவிட்டு, அவரைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

பின்வரிசையிலிருந்து பீரோவின் குரல் கேட்டது. "சார், நான் எந்திரிக்கலாமா?"

"சீட்டு இருக்கா?" என்றார் நலவாழ்வு அதிகாரி தரையிலிருந்து.

"வர்றதுக்கு வாங்கினது இருக்கு. தூக்கறதுக்கு இல்ல."

"அப்ப புதுசா வாங்கணும்."

"கையெழுத்துப் போடறவரே கீழ கிடக்கறாரே சார்."

"அவருக்கு நினைவு வரட்டும். வந்ததும் கேட்டு வாங்கித் தரேன். மூணு பிரதி எழுதி வைங்க."

பீரோ எழுந்தார். கையில் சீட்டு எதுவும் இல்லை. நேராக வந்து, குனிந்து, இயக்குநரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டாம் மாடியில் ஒரு தடவை நின்றார். முதல் மாடியில் இன்னொரு தடவை நின்றார். கழுத்து நரம்பு புடைத்து, வியர்வை சொட்டியது. முன்பெல்லாம் கதை சொல்லிக்கொண்டே வருகிற மனிதர், வாயைத் திறக்காமல் இறங்கினார். கடைசிப் படிகளில் இயக்குநர் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். "சீட்டு..." என்றார். மறுபடி மயங்கிவிட்டார்.

பெரிதாக ஒன்றும் இல்லை. பழக்கமில்லாமல் அத்தனை படி ஏறி, உடனே நின்று பேசியதில் வந்த மயக்கம் என்றார் டாக்டர். இருந்தாலும் ஓரிரு பரிசோதனைக்காகப் படுக்க வைத்தார்கள். சாயங்காலம் குழு கட்டிலைச் சுற்றிக் கூடியது. நன்றி சொல்லத்தான் என்று நினைத்து நோட்டோடு போனேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

"அனுமதியில்லா அசைவு, அறுபத்தாறு படி" என்று படித்தார் நலவாழ்வு அதிகாரி. "அதுவும் ஒரு உயர் அதிகாரியச் சுமந்துக்கிட்டு. கடுமையான தண்டனை குடுக்கணும் சார். இன்னிக்கே ஓய்வு உத்தரவுல கையெழுத்துப் போடுங்க."

இயக்குநர் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்துகொண்டார். பிறகு கையை உயர்த்தினார்.

"ஓய்வா? ஓய்வுங்கிறது என்ன? ஒரு சலுகை. தணிவு அறை என்ன? அதுவும் சலுகை. எவ்வளவு பரிவோட குடுத்தோம்! ஒழுங்க மீறினவனுக்கு ஆயுசு பூரா சலுகையா? முடியாது. எல்லாத்தையும் பிடுங்குங்க. பழைய வேலைக்கே தள்ளுங்க. கிடந்து நடக்கட்டும்! இனிமே அனுமதியில்லாம யார் அசைஞ்சாலும் இதே தண்டனைதான்னு போர்டுல ஒட்டுங்க."

நான் ஓடினேன். சத்தியமாக ஓடினேன், அந்த வயதில். இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு வேகமாக ஒரு உத்தரவை அடித்ததில்லை. மை காய்வதற்குள் கையெழுத்து வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். விழா பாதியில் நின்றுபோனதால் தங்கள் முடிவு தெரியாமல் தணிவு அறையில் மிச்சமிருந்த பதிமூன்று பேரும் மறுநாள் காலை எட்டு மணிக்கு அதைப் படித்தார்கள். எட்டு ஐந்துக்கு அறையில் பதினாலு காலி நாற்காலியும் ஒரு கண்காணிப்பாளரும் மட்டும் இருந்தார்கள். அந்தப் பதிமூன்று பேரில் ஒருவரான தோட்டக்காரர் தேவையே இல்லாமல் ஆஸ்பத்திரியை மூன்று சுற்று சுற்றி வந்தார்.

பீரோ வண்டியின் கைப்பிடியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் தொண்ணூறு நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. முதல் நோயாளி யார் என்று சீட்டைப் பார்த்தார். இயக்குநர். ஸ்கேனுக்காக இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நானும் கோப்போடு கூடவே நடந்தேன். வண்டி சாய்வுப் பாதையில் ஏறியது. பாதி தூரத்தில் பீரோவின் நடை தளர்ந்தது. வண்டி பின்னால் உருளாதபடி முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்த இயக்குநருக்கு எரிச்சல் வந்தது.

"என்னப்பா, ஏன் நிக்கறே? நீதான் பெரிய பலசாலின்னு சொன்னாங்களே?"

பீரோ நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் குத்திக்காட்டத் தெரியாத மனிதர். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

"மூச்சு வாங்குது சார், கொஞ்சம் பொறுத்துக்கங்க. மூணு மாசமா வைத்தியத்துல இருந்தேன்."